வெளிநாடு செல்வோருக்குச் சிக்கனமான கைப்பேசி ஏற்பாடு: வேலூர்ப் பகுதியிலிருந்து முதன்முறை கிளம்புவோருக்கு

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பல வகையினர். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வணிகர்கள் மிலானில் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கும் ஹாங்காங், ஷாங்காய் சந்தைகளுக்கும் போய் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக உம்ராவுக்குக் கிளம்புகிறார்கள். வேலூரில் செவிலியர் படிப்பு முடித்தவர்கள் பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். காட்பாடியில் பொறியியல் படித்தவர்கள் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் மேற்படிப்புக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோர்கள் பார்வையாளர் விசாவில் பின்தொடர்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஒரே கைப்பேசி ஏற்பாடு பொருந்தாது. ஆனால் கடையில் கேட்டாலும் பயண முகவரிடம் கேட்டாலும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது என்பதால், அவரவர் தேவைக்கு ஏற்றபடி தாமே தீர்மானித்துக்கொள்ள உதவும் வகையில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாத ஒரு விதியை முதலில் சொல்லிவிடலாம். உங்கள் இந்திய எண் ஓடிபி பெறுவதற்காக உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் அதில் டேட்டா ஓடக் கூடாது. டேட்டாவைத் தனியாக, போகும் நாட்டின் விலைக்கு வாங்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த விதியை மீறும்போதுதான். எண்ணை அணைத்துவிட்டுப் போகிறவர் வங்கிப் பணத்தைத் தொட முடியாமல் தவிக்கிறார்; டேட்டாவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவர், பேக் எதுவும் போடாமல் ரோமிங் (இந்திய எண்ணை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவது) கட்டணத்தில் மாட்டிக்கொள்கிறார்.

எத்தனை நாள், யாரோடு பேச்சு

தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்த நாடு, எத்தனை நாள், அங்கே உள்ளூர் எண் ஒன்று கட்டாயம் தேவையா, வீட்டிலிருந்து உங்களை அழைப்பவர் வாட்ஸ்அப்பில் அழைப்பாரா அல்லது சாதாரண அழைப்பு மட்டுமே தெரிந்தவரா. கடைசிக் கேள்வியைப் பலரும் யோசிப்பதில்லை. குடியாத்தத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி உங்கள் இந்திய எண்ணுக்கு அழைத்து, நீங்கள் ரோமிங்கில் அதை எடுத்தால், கட்டணம் உங்கள் கணக்கில் விழும். வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, எல்லோரும் அவர் வழியாக வாட்ஸ்அப்பிலேயே பேசுவது என்று கிளம்பும் முன் பேசி முடிவு செய்துகொண்டால் இந்தச் செலவு அடியோடு இல்லாமல் போகும்.

உள்ளூர் எண் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஒரு வாரம் கண்காட்சிக்குப் போகிறவருக்கு டேட்டா மட்டும் போதும். வேலைக்கோ படிப்புக்கோ போகிறவருக்கு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனைப் பதிவு எல்லாவற்றிலும் அந்நாட்டு எண்ணைக் கேட்பார்கள்.

கையிலுள்ள போனைச் சோதித்தல்

புதுப் போன் வாங்கும் முன், கையில் இருப்பது போதுமா என்று பாருங்கள். பெரும்பாலும் போதும். டயல் பலகையில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எனப்படும், போனின் அடையாள எண்கள் திரையில் தோன்றும். இரண்டு ஐஎம்இஐ இருந்தால் அது இரண்டு சிம் போடக்கூடிய போன். அவற்றோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் தோன்றினால் உங்கள் போனில் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வசதி இருக்கிறது. இந்த ஒரு திரையைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்; போன் தொலைந்தால் புகார் கொடுக்கவும் ஐஎம்இஐ எண்தான் வேண்டும்.

அடுத்து சிம் தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான் இருக்கும். கடையில் நின்றுகொண்டு, "அண்ணா, இது டூயல் சிம்தானே?" என்று கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார், அது பொய்யும் அல்ல. "மெமரி கார்டு போட்ட பிறகும் ரெண்டு சிம் போட முடியுமா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முடியாத போனாக இருந்தால் மெமரி கார்டிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் கிளம்பும் முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். விமான நிலையத்தில் புதுச் சிம் வாங்கிய பிறகு கார்டை வெளியே எடுத்தால், விசா நகலும் விடுதி முன்பதிவும் அந்தக் கார்டோடு வெளியே வந்துவிடும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது அலைவரிசை. இந்தியாவில் விற்கும் 4ஜி போன்கள் இங்குள்ள நிறுவனங்களின் அலைவரிசைகளை எல்லாம் பிடிக்கும். ஆனால் வெளிநாட்டு அலைவரிசைகள் சில விலை மலிந்த மாடல்களில் விடுபட்டிருக்கும். ஐரோப்பாவில் ஊர்ப்புறங்களில் பரவலாக இருப்பது 800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 20ஆம் பேண்ட். அது இல்லாத போன் மிலான் நகருக்குள் நன்றாக வேலை செய்யும். நகரைத் தாண்டித் தோல் பதனிடும் ஊர்களுக்குள் போனால் சிக்னல் குறையக்கூடும். அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 ஆகிய பேண்டுகள் முக்கியமானவை; அவற்றுள் 71 என்பது டி-மொபைல் நிறுவனம் பயன்படுத்தும் 600 மெகாஹெர்ட்ஸ். உங்கள் மாடலின் பேண்ட் பட்டியல் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும். அங்கே இந்திய மாடலுக்கான பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் விற்கும் போன்களுக்கு வெவ்வேறு பேண்டுகள் இருப்பது சாதாரணம்.

பழைய பட்டன் போனை எடுத்துச் செல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் 2ஜி இன்னும் இருப்பதால் அந்தப் போன் இங்கே ஒலிக்கிறது. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜியை மூடிவிட்டது. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை நிறுத்தியது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலும் ஆஸ்திரேலிய நிறுவனங்கள் 2024இலும் 3ஜிக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இந்நாடுகளில் குரல் அழைப்பும் பெரும்பாலும் 4ஜி வழியாகவே, அதாவது வோல்ட்இ மூலம் போகிறது. உங்கள் போன் அந்நாட்டு நிறுவனத்தின் வோல்ட்இ-யோடு ஒத்துப்போகவில்லை என்றால் டேட்டா வரும், அழைப்பு போகாது. ஆஸ்திரேலியாவில் 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய இயலாத போன்களை நிறுவனங்களே தடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தான் ஏற்கும் போன்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் இல்லாத மாடலை எடுத்துப் போகிறவர் வேறு நிறுவனத்தை நாட வேண்டியிருக்கும். ஜியோ பாரத் வகைப் பட்டன் போன்களோ ஜியோ சிம்மைத் தவிர வேறெந்தச் சிம்மையும் ஏற்காதவை. அவற்றை வெளிநாட்டுச் சிம்முக்காக எடுத்துச் செல்வதில் பயனில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

பயணத்துக்கென்றே விலை உயர்ந்த போன் தேவையில்லை. 5ஜி இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. இரண்டு சிம், நல்ல பேட்டரி, போகும் நாட்டின் 4ஜி பேண்டுகள் என்ற மூன்றையும் பார்த்தால் போதும். இ-சிம் இருந்தால் வசதி அதிகம், ஆனால் அதற்காக மட்டும் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது குறுகிய பயணத்துக்குக் கட்டுபடியாகாது என்பது என் கருத்து. பழைய போன் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் அதன் ஐஎம்இஐயைச் சோதியுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணை எழுதி 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போன் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். இது தொலைத்தொடர்புத் துறையின் சேவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ஐபோனாக இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: அது ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டதா என்பது ஒன்று, 14ஆம் வரிசை முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது என்பது இன்னொன்று.

இந்திய எண்ணைத் தயார் செய்தல்

இந்த வேலையைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே தொடங்குங்கள். வேலூரிலிருந்து கிளம்புகிறவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு சிம்மில் கோளாறு தெரிந்தால் திரும்பி வந்து சரிசெய்ய நேரம் இருக்காது.

முதலில் எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளின் எண் அப்பா பெயரிலும் அம்மாவின் எண் மகன் பெயரிலும் இருப்பது வழக்கம். இங்கே இருக்கும்வரை அது ஒரு பொருட்டல்ல. வெளிநாட்டில் போன் தொலைந்து, மாற்றுச் சிம் வாங்க வேண்டிய நிலை வந்தால், யார் பெயரில் எண் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு கடையில் நிற்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகிறவர்கள் இதைத் தீர யோசித்து முடிவெடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோர் பெயரிலேயே எண் இருப்பது சில சமயம் நன்மையாகவும் முடியும். மாற்றுச் சிம்மை அவர்கள் வாங்கி அனுப்ப முடியும். ஆனால் வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலும் எண் வேறொருவர் பெயரிலும் இருப்பதை உங்கள் வங்கி ஏற்கிறதா என்று கேட்டுக்கொண்ட பின்பே அப்படி விட்டு வையுங்கள்.

பழைய சிம்மை மாற்றுவதாகவோ இ-சிம்மாக ஆக்குவதாகவோ இருந்தால் அதை முதல் வேலையாக முடித்துவிடுங்கள். சிம் மாற்றிய பின் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. விமானத்துக்கு முந்தைய நாள் சிம் மாற்றுகிறவருக்கு டிக்கெட் செக்-இன் ஓடிபி கூட வராமல் போகலாம்.

இந்திய எண்ணைச் சாதாரணச் சிம்மாகவே வைத்துக்கொண்டு, வெளிநாட்டு இணைப்பை இ-சிம்மில் போடுவதே நல்ல ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். போன் கீழே விழுந்து உடைந்தால் சாதாரணச் சிம்மைக் கழற்றி நண்பரின் போனில் போட்டு ஓடிபியைப் பார்த்துக்கொள்ளலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது. அதைப் புதுப் போனுக்கு மாற்றவும் பெரும்பாலும் ஓடிபி கேட்பார்கள், அந்த ஓடிபி உடைந்த போனுக்குத்தான் வரும்.

அடுத்தது ரோமிங். உங்கள் எண்ணில் சர்வதேச ரோமிங் திறந்திருந்தால்தான் வெளிநாட்டில் சிக்னல் கிடைக்கும், சிக்னல் கிடைத்தால்தான் ஓடிபி வரும். ஏர்டெல், ஜியோ, வி (வோடஃபோன் ஐடியா) எண்களுக்கு அந்தந்தச் செயலியிலேயே இதைப் பார்க்கலாம், பி.எஸ்.என்.எல். எண் என்றால் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு நேரில் போய்விடுங்கள். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்-க்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ஆனால் சில திட்டங்களில் ரோமிங் பேக் ஒன்றைப் போட்டாலொழிய ரோமிங் திறக்காது. எனவே சேவை மையத்தில் பேசும்போது, "எனக்கு வெளிநாட்டில் ஓடிபி எஸ்எம்எஸ் மட்டும் வந்தால் போதும், அதற்குக் குறைந்தபட்சம் என்ன ரீசார்ஜ் செய்ய வேண்டும்?" என்று இதே சொற்களில் கேளுங்கள். ரோமிங் பேக் வேண்டும் என்று மட்டும் சொன்னால் டேட்டாவும் அழைப்பும் சேர்ந்த பெரிய பேக்கைத்தான் காட்டுவார்கள்.

செல்லுபடிக் காலத்தையும் சரிபாருங்கள். பிரீபெய்டு எண்ணில் 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நிறுவனம் அதை முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஆனால் இதை நம்பி ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள். திட்டம் முடிந்தால் அழைப்பும் ஓடிபியும் அதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். 2024 டிசம்பரில் டிராய் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டங்களை நிறுவனங்கள் கொண்டுவந்திருக்கின்றன. 365 நாள் வரை செல்லுபடியாகும் திட்டங்களுக்கும் அதே உத்தரவு வழிவிட்டது. நீண்ட காலம் போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமானது இத்தகைய திட்டமே. கடைகளில் தொங்கும் பட்டியலில் இது கண்ணில் படாது, செயலிக்குள் தேடினால் கிடைக்கும்.

வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் இந்தியச் சிம் அதே போனில் இருக்கிறதா என்று சோதிப்பவை. அவற்றைப் பதிவு செய்யும்போது அந்தச் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகவே போகும். ஆகவே எடுத்துப் போகும் போனில் எல்லாச் செயலிகளையும் ஊரில் இருக்கும்போதே பதிவு செய்து, ஒரு ரூபாயாவது அனுப்பிப் பார்த்து, சரியாக இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியச் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றினால் வங்கிச் செயலி திறக்காமல் போகலாம். அழைப்பு முன்அனுப்பல் (கால் ஃபார்வர்டிங்) ஏதாவது போட்டிருந்தால் ##002# என்று அழுத்தி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ரோமிங்கில் எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பினாலும் காசு போகும்.

டேட்டாவை எங்கே வாங்குவது

மூன்று வழிகள் இருக்கின்றன. இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக் ஒன்று. போகும் நாட்டில் வாங்கும் சிம் இன்னொன்று. தனி நிறுவனங்கள் இணையத்தில் விற்கும் பயண இ-சிம் மூன்றாவது. ஒரு வாரத்துக்குள் திரும்புகிறவருக்கு ரோமிங் பேக்குக்கும் பயண இ-சிம்முக்கும் விலை வித்தியாசம் சில சமயம் சொற்பமாகத்தான் இருக்கும்; ரோமிங் பேக்கில் அழைப்பு நிமிடங்களும் சேர்ந்து வரும், புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. வயதானவர் தனியாகப் போனால் கொஞ்சம் கூடுதலானாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். இரண்டு வாரத்தைத் தாண்டினால் உள்ளூர்ச் சிம் அல்லது இ-சிம்தான் லாபம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் உள்ளூர்ச் சிம்மைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

விலையை ஒப்பிடும்போது ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று பாருங்கள், நாள் கணக்கில் பார்க்காதீர்கள். எவ்வளவு ஜிபி வேண்டும் என்பதை ஊகிக்கவும் வேண்டாம்: உங்கள் போனின் அமைப்புகளில் போன மாதம் எந்தச் செயலி எவ்வளவு மொபைல் டேட்டா தின்றது என்ற பட்டியல் இருக்கிறது. அதில் வீடியோவும் ரீல்ஸும் எடுத்த பங்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதே பயணத்தில் உண்மையாகத் தேவைப்படுவது. செய்திப் பரிமாற்றத்துக்கும் வரைபடத்துக்கும் மிகக் குறைவாகவே செலவாகும். வீடியோ அழைப்புக்கு மணிக்குச் சில நூறு எம்பி ஆகும் என்பதால் அதை விடுதியின் வைஃபைக்கு ஒதுக்கி வையுங்கள்.

பயண இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டுமே தரும், எண் தராது. அதைப் போனில் ஏற்ற இணையம் தேவை. வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டு, அணைத்து வைத்துக்கொண்டு, இறங்கிய பின் இயக்குங்கள். சில இ-சிம்களில் ஏற்றிய நொடியிலிருந்தே நாள் கணக்கு ஓடத் தொடங்கும், சிலவற்றில் அந்நாட்டு நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகுதான் தொடங்கும்; வாங்கும் பக்கத்தில் இது எழுதியிருக்கும். ஒரு முறை ஏற்றிய இ-சிம்மை வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அதே குறியீட்டைக் கொண்டு மறுபடி ஏற்றப் பெரும்பாலும் முடியாது.

நாட்டுக்கு நாடு மாறுவன

சவூதியில் சிம் வாங்கப் பாஸ்போர்ட்டோடு கைரேகையும் பதிய வேண்டும். ஆகவே உம்ரா குழுவில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவர முடியாது. ஜித்தாவில் இறங்கியதும் அவரவர் கவுண்டரில் நிற்க வேண்டும். மதீனாவில் நபிகளார் பள்ளிவாசலிலுள்ள ரவ்ழா என்ற புனித இடத்துக்குச் செல்ல அனுமதி பெறுவது சவூதி அரசின் நுசுக் செயலி வழியாகத்தான் என்பதால் முதியவர்களுக்கும் டேட்டா உள்ள போன் ஒன்று தேவைப்படுகிறது. அம்மா, அத்தா (அப்பா) இருவரும் ஒன்றாகவே இருப்பார்கள் என்றால் இருவருக்கும் தனித்தனியாக டேட்டா வாங்குவதை விட, ஒருவர் போனில் கூடுதல் டேட்டா போட்டு மற்றவருக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பது மலிவு. ஆனால் கூட்டத்தில் பிரிய நேரும் என்பதால் மற்றவர் போனிலும் அழைப்பு மட்டுமாவது வேலை செய்ய வேண்டும்.

ஐக்கிய அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வீட்டிலுள்ளவர் போனிலும் அதை ஏற்றி, ஒரு முறை பேசிப் பார்த்துவிட வேண்டும். முதல் வாரத்தில் வீட்டோடு பேச முடியாமல் இருப்பது புதிதாகப் போகிறவருக்குப் பெரிய மனக்கஷ்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல், ஓர் உறுப்பு நாட்டின் சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஜெர்மனியில் வாங்கிய சிம்மோடு இத்தாலி கண்காட்சிக்குப் போய்வரலாம். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த ஏற்பாட்டில் இல்லை; ரயிலில் எல்லை தாண்டும்போது போன் தானாகவே அங்குள்ள நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கவனம் தேவை. ஜெர்மனியில் பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். அங்கே ஆல்டி, லிடில் போன்ற மளிகைக் கடைகள் விற்கும் சிம்கள் மாணவர்களுக்குக் கட்டுபடியாகும். பிரிட்டனில் பிரீபெய்டு சிம்முக்கு அடையாளப் பதிவே இல்லை, கடையில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தோல் வணிகர்கள் சீனாவில் சிரமப்படுவது டேட்டா இல்லாமல் அல்ல. சீனச் சிம் போட்டால் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. ரோமிங்கில் இருக்கும் இந்தியச் சிம்மின் டேட்டா இந்திய நெட்வொர்க் வழியாகவே சுற்றி வருவதால் அவை திறக்கும். ஷாங்காய்க்கு ஐந்து நாள் போகிறவர், விலை கூடினாலும் இந்திய ரோமிங் பேக் போட்டுக்கொள்வதே சரி; ஆர்டரும் மாதிரிப் படங்களும் வாட்ஸ்அப்பில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஹாங்காங்கில் இந்தத் தடை இல்லை, அங்கே உள்ளூர்ச் சிம் போதும்.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் தனிச் சிம் வாங்க அலைய வேண்டாம். பிள்ளைகள் வைத்திருக்கும் குடும்பத் திட்டத்தில் ஓர் எண்ணைச் சேர்ப்பது பெரும்பாலும் எல்லாவற்றிலும் மலிவு. போன் மாடலை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்து, அவர்களின் நிறுவனம் அதை ஏற்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாஸ்போர்ட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே சுற்றுலாச் சிம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

துருக்கிக்கு நீண்ட நாள் போகிறவர் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பதிவு செய்யாத வெளிநாட்டுப் போனில் துருக்கிச் சிம் 120 நாளுக்கு மேல் இயங்காது, பதிவுக்கு வரியும் அதிகம்.

கிளம்பும் வாரம்

போகும் நகரத்தின் கூகுள் வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக் கோப்பையும் வீட்டு வைஃபையில் தரவிறக்குங்கள். படங்கள் தானாக மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏறுவதையும் செயலிகள் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ஊர்க் குழுக்களின் காலை வணக்கப் படங்களே டேட்டாவைத் தின்றுவிடும்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உலகெங்கும் வேலை செய்யும், செருகியின் வடிவம் மட்டும்தான் மாறும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகம் ஆகிய இடங்களில் சதுரமான மூன்று கால். ஐரோப்பாவில் உருண்டையான இரண்டு கால். அமெரிக்காவில் தட்டையான இரண்டு கால். இவற்றுக்கான அடாப்டர் வேலூர் லாங் பஜார் மின்சாதனக் கடைகளில் கேட்டாலே கிடைக்கும், விமான நிலையக் கடையில் போய்ப் பல மடங்கு கொடுக்க வேண்டாம்.

பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் செய்து ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு; 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்திருக்கின்றன. ஆகவே வீட்டிலிருந்தே முழு சார்ஜோடு கிளம்புங்கள்.

சிம் ஊசியையும், சிம்மை ஒட்டி வைக்க ஒரு துண்டு டேப்பையும் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி முகவரி, தூதரக எண், அழைத்துச் செல்ல வருபவரின் எண் மூன்றையும் தாளில் எழுதி அதே உறைக்குள் வையுங்கள்.

விமானத்திலும் இறங்கிய பின்னும்

சில விமானங்களில் வானத்திலேயே செல்போன் நெட்வொர்க் கிடைக்கும். அதன் கட்டணம் மிக அதிகம், பல ரோமிங் பேக்குகளில் அது அடங்காது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை விமானப் பயன்முறை அவசியம்.

இறங்கியதும் அதை நீக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கு எந்தச் சிம் என்ற இடத்தில் வெளிநாட்டுச் சிம்மையோ இ-சிம்மையோ தேர்ந்தெடுங்கள். இந்தியச் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். டேட்டா தீர்ந்தால் தானாக மற்றச் சிம்முக்கு மாறும் வசதி சில போன்களில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். பயண இ-சிம்மில் மட்டும் டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது வேறொரு நாட்டு நிறுவனத்தின் இணைப்பை வாங்கித் தருவது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு இணையம் வரவில்லை என்று தவிப்பவர்கள் பலர். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஏபிஎன் அமைப்பை, அதாவது அந்த நிறுவனத்தின் இணையத்தோடு போனை இணைக்கும் பெயரைப் பாருங்கள். சிம் உறையிலோ மின்னஞ்சலிலோ அந்தச் சொல் கொடுக்கப்பட்டிருக்கும், அதை அப்படியே தட்டச்சு செய்து போனை ஒரு முறை அணைத்து இயக்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

வாட்ஸ்அப் புது எண்ணுக்கு மாறலாமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிப் பழைய எண்ணிலேயே தொடருங்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ போனவர்கள் உள்ளூர் எண் நிலைத்தவுடன் இந்திய வங்கியில் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்காக மாற்றும்போது அந்த எண்ணையும் பதிவு செய்யலாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் ஆகிய நாடுகளின் எண்களைக் கொண்டு இத்தகைய கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023இலேயே வழி திறந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டு, அது சரியாக இயங்குவதைப் பார்த்த பிறகே இந்திய எண்ணின் ரீசார்ஜை நிறுத்துவது பற்றி யோசியுங்கள். ஆதார், வருமான வரி, வருங்கால வைப்பு நிதி எல்லாவற்றிலும் பழைய எண்ணே இருக்கும் என்பதால், வருடத்துக்கு ஒரு முறை ரீசார்ஜ் செய்து அதைக் காப்பாற்றி வைப்பதே பலருக்கும் செலவு குறைந்த வழி.